13 (2) என்றால் என்ன? வெளிநாட்டில் ஆடும் ஒரு விங்கரின் கணக்கை வாசிப்பது எப்படி

சனிக்கிழமை இரவு, கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் இங்கிலாந்து லீக் போட்டி பார்த்துக்கொண்டிருந்தோம். இடைவேளைக்கு விசில் ஊதியதும் அக்காவின் மகன் போனை என் பக்கம் நீட்டினான்.

"மாமா, இதைப் பாருங்க. செல்சியில 13 மேட்ச், 2 கோல். இதே ஆளா பிறகு ஒரு சீசன்ல 32 கோல் அடிச்சது?"

திரையில் இருந்தது எகிப்து விங்கர் மொஹமட் சலாவின் கழக அட்டவணை. இடப்பக்கம் ஆண்டுகள், நடுவில் கழகத்தின் பெயர், வலப்பக்கம் விளையாடிய லீக் போட்டிகள், அடைப்புக்குறிக்குள் அடித்த கோல்கள். ஒரு மனிதனின் இத்தனை வருட ஓட்டமும் ஒரு போன் திரைக்குள் அடங்கிவிடுகிறது. இலண்டன் கழகமான செல்சிக்கு நேரே 13 (2) என்று இருந்தது.

நல்ல கேள்விதான். ஆனால் ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. விங்கர் என்பவர் மைதானத்தில் என்ன வேலை செய்கிறார், அவர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது என்னென்ன நடக்கிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த எண்கள் பேச ஆரம்பிக்கும். உதைபந்தாட்டம் பார்க்கப் புதிதாகத் தொடங்கியிருப்பவர்களுக்காக, அன்றிரவு அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெரிய போட்டிகள் நடக்கும் மைதானம் வழக்கமாக 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். அந்த அகலத்தின் இரண்டு ஓரங்களிலும் கோட்டை ஒட்டி நின்று தாக்குதலுக்குப் போகிறவர்தான் விங்கர். வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். 7, 11 என்ற எண்களுக்கு இன்றும் ஒரு தனி மவுசு இருப்பதற்குக் காரணம் இவர்கள்தான். முன்பெல்லாம் அணிகள் முன்வரிசையில் ஐந்து பேரை நிறுத்தி ஆடின. 7 முதல் 11 வரை வலமிருந்து இடமாக எண் போட்டபோது, வலது ஓரத்துக்கு 7, இடது ஓரத்துக்கு 11 கிடைத்தது. அந்த ஐவர் வரிசை மறைந்து எத்தனையோ காலமாகியும் இந்த இரண்டு எண்கள் ஓரக்காரர்களைவிட்டுப் போகவில்லை.

ஏன் ஒருவர் போய் ஓரத்தில் நிற்க வேண்டும்? கோல் இருப்பது நடுவில்தானே? எதிரணியின் பின்களத்தில் நான்கு பேர் நெருக்கமாக நின்றால் ஊசி நுழையவும் இடமிருக்காது. விங்கர் கோட்டோரமாகப் போய் நின்றுவிட்டால், நால்வரில் ஒருவர் அவரைக் கவனிக்க வெளியே வந்தாக வேண்டும். வந்தால் நடுவில் ஒரு சந்து திறக்கும். வராவிட்டால் அந்த ஓரம் முழுக்க விங்கருடைய ராச்சியம். ஆக, பந்தைத் தொடாமல் சும்மா நிற்பதுபோல் தெரியும் நேரத்திலும் அவர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். அந்த வேலைக்கு எந்த அட்டவணையிலும் இடம் கிடையாது.

அந்த வேலையைக் கிட்ட இருந்து பார்க்க, பின்னேரத்தில் காலிமுகத்திடலில் பையன்கள் விளையாடும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். இரண்டு சோடிச் செருப்புத்தான் கோல் கம்பங்கள். ஓரத்தில் நிற்கும் பையனின் பாதங்களை மட்டும் பாருங்கள். பழகாத பையன் பந்து வரும் திசையைப் பார்த்தபடி நேராக நிற்பான். பந்து காலுக்கு வந்த பிறகுதான் திரும்புவான். அதற்குள் ஒருவன் மேலே வந்து விழுந்துவிடுவான். பழகிய பையன் கோட்டுக்கு முதுகைக் கொடுத்து, உடம்பை அரைவாசி திருப்பி நிற்பான். மொத்தத் திடலும் அவன் கண்ணுக்குள் இருக்கும். பந்தை வாங்கும் முதல் தொடுகையே அவனை முன்னால் கொண்டுபோய்விடும். அரை வினாடி வித்தியாசம்தான். விங்கரின் பிழைப்பு முழுக்க அந்த அரை வினாடியில் இருக்கிறது.

சரி, பந்து கிடைத்துவிட்டது. அடுத்தது என்ன? பழைய பாணி விங்கர் கோட்டோரமாக ஓடிப்போய், பந்தை வளைத்து நடுவுக்கு அனுப்புவார். அதற்குக் கிராஸ் என்று பெயர். வலது ஓரத்தில் வலது காலன், இடது ஓரத்தில் இடது காலன் என்பதுதான் அன்றைய வழக்கம். இப்போது பெரும்பாலும் தலைகீழ். இடது காலனை வலது ஓரத்தில் நிறுத்துகிறார்கள். அவர் உள்ளே வெட்டி வந்தால், பலமான கால் கோலைப் பார்த்திருக்கும். ஓரம் காலியாகிவிடுமே என்று கவலையில்லை, பின்னாலிருந்து அவருடைய பின்கள வீரர் அந்த வழியால் ஓடி வருவார்.

இதற்கு நெதர்லாந்து வீரர் அர்ஜன் ரொபனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வலது ஓரம், பந்து இடது காலில். அவர் உள்ளே வெட்டப் போகிறார் என்பது அவரைத் தடுக்க நிற்பவருக்குத் தெரியும், பார்க்க வந்த கூட்டத்துக்கும் தெரியும், கொழும்பில் நடுச்சாமத்தில் விழித்திருந்து தொலைக்காட்சி பார்த்த எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. எந்தப் பக்கம் என்பதை அவர் ஒளிக்கவில்லை, எந்தக் கணம் என்பதைத்தான் ஒளித்தார். தடுப்பவரின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்று பார்த்திருந்து, அது மாறும் அந்தக் கணத்தில் வெட்டினார்.

ரொபன் குரோனிங்கனில் தொடங்கி, பிஎஸ்வி ஐந்தோவன், செல்சி, ரியல் மட்ரிட் என்று நாடு நாடாகப் போய், 2009இல் ஜேர்மனியின் பயேர்ன் மியூனிக்கில் சேர்ந்து பத்து வருடம் ஆடினார். எதிர் ஓரத்தில் பிரான்ஸ்காரரான பிராங்க் ரிபெரி. ஐரோப்பாவின் சிறந்த கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2013 இறுதிப் போட்டி இலண்டன் வெம்பிளியில் நடந்தது. 1க்கு 1 என்று இழுபட்டுக்கொண்டிருந்த ஆட்டத்தின் 89ஆவது நிமிடத்தில் ரிபெரி குதிகாலால் தட்டிவிட்ட பந்தை ரொபன் எடுத்துப்போய்ப் பொருசியா டோர்ட்மண்டின் வலைக்குள் உருட்டிவிட்டார். ஜேர்மன் கழகம் ஒன்றுக்கு வெற்றி கொடுத்த கோல், இரண்டு வெளிநாட்டு விங்கர்களின் கால்களிலிருந்து வந்தது. நம் நேரத்துக்கு அது விடியப்புறம் இரண்டு மணியளவில்.

நான் மருமகனுக்கு அழுத்திச் சொன்னது இதைத்தான். விங்கர் தானாகப் போய்ப் பந்தைப் பறித்துக்கொள்ளும் ஆள் அல்ல. நடுக்களத்தில் நிற்பவரைச் சுற்றி எந்நேரமும் பந்து புழங்கும். ஓரத்தில் நிற்பவருக்கு யாராவது கொடுத்தால்தான் உண்டு. கொடுப்பவருக்கு இவர் மேல் நம்பிக்கை வேண்டும், இவர் எப்போது ஓடுவார் என்று தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் புதிதாக வந்து இறங்கியவருக்கு இல்லாதது அதுதான்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. மருமகன் ஆடும் அணியில் பாதிப்பேர் சிங்களப் பையன்கள். முதல் வாரங்களில் இவன் வலது ஓரத்தில் நின்று "இங்க, இங்க" என்று தமிழில் கத்துவான். பந்து இடப்பக்கமாகவே போகும். பிறகு "மெஹாட்ட தியங்" என்று கூப்பிடப் பழகினான். இங்கே தா என்று அர்த்தம். இரண்டே சொல். அதற்குப் பிறகு பந்து வரத் தொடங்கியது. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள்ளேயே கதை இப்படி என்றால், சலாவைப்போல் கெய்ரோவிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசலுக்குப் போன ஒருவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. ஐரோப்பியக் கழகத்துக்குப் போய் ஆடிய முதல் தெற்காசியர்களில் ஒருவர் கல்கத்தாவின் மொஹமட் சலீம். அவரும் விங்கர்தான். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து தடவை கல்கத்தா லீக்கை வென்ற மொஹமடன் ஸ்போர்ட்டிங் அணியின் ஆள். 1936இல் கப்பலேறி ஸ்கொட்லாந்து போய், கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்துக் கதவைத் தட்டினார். அவருக்கு வெறுங்காலோடு ஆடித்தான் பழக்கம். பூட்ஸ் போட்ட ஸ்கொட்லாந்துக்காரர்களுக்கு நடுவே, காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு இரண்டு போட்டிகளில் இறங்கினார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். செல்டிக் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. ஆனால் ஊர் நினைவு அவரை விடவில்லை, திரும்பிவிட்டார். அட்டவணையாகப் போட்டால் செல்டிக் கணக்கில் அவருக்கு ஒரு வரிகூடத் தேறாது. அவை இரண்டாம் நிலை அணியின் போட்டிகள். ஆனாலும் கிளாஸ்கோவில் அவர் பெயரை இன்னும் சொல்கிறார்கள். அந்தக் கட்டுப் போட்ட பாதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

அப்புறம், ஒரு வீரர் நாடு மாறுவது நடைமுறையில் எப்படி? அடிப்படை ஒப்பந்தம்தான். சர்வதேச விதிப்படி ஒரு தொழில்முறை ஒப்பந்தம் பொதுவாக அதிகபட்சம் ஐந்து வருடம் இருக்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் மூன்று. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கழகம் அவரைக் கேட்டால், பழைய கழகத்துக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். செய்திகளில் வரும் மில்லியன் கணக்கெல்லாம் அந்தத் தொகைதான், வீரரின் சம்பளம் வேறு. பிறகு பழைய நாட்டின் சம்மேளனம் புதிய நாட்டின் சம்மேளனத்துக்கு ஒரு மாற்றுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடம் மாறும்போது விடுகைப் பத்திரம் வாங்குவோமே, அதுபோல. அது வராமல் களத்தில் இறங்க முடியாது. இதெல்லாம் வருடத்தில் குறித்த இரண்டு காலப்பகுதிகளுக்குள் நடந்து முடிய வேண்டும்.

அட்டவணையில் சில கழகப் பெயர்களுக்கு முன்னால் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும். அது லோன். ஒப்பந்தம் ஒரு கழகத்தோடு, ஆடுவது இன்னொரு கழகத்துக்கு. வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்களை இப்படி அனுப்புவார்கள். அம்புக்குறியைப் பார்த்து ஒருவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சலாவின் கதை திரும்பியதே ஒரு அம்புக்குறியில்தான்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டால்? இன்று வீரர் தன் விருப்பப்படி போகலாம், அவரை வாங்க மாற்றுத் தொகை கொடுக்கத் தேவையில்லை. முன்பு அப்படி இல்லை. பெல்ஜியத்தின் ழான் மார்க் பொஸ்மன், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிரான்ஸ் கழகம் ஒன்றுக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் வழக்காடினார். 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர்களில் இத்தனை பேர்தான் ஆடலாம் என்ற கட்டுப்பாடும் அதோடு விழுந்தது. பொஸ்மனுடைய சொந்த ஆட்ட வாழ்க்கை அந்த வழக்கிலேயே கரைந்துபோனது. அவர் திறந்த கதவால் மற்றவர்கள் போனார்கள்.

அப்படிப் போன விங்கர்களில் ஒருவர் ஸ்டீவ் மெக்மனமன். 1999இல் லிவர்பூலோடு ஒப்பந்தம் முடிந்ததும், ஒரு சதம்கூடக் கைமாறாமல் ரியல் மட்ரிட்டுக்குப் போனார். அடுத்த வருடமே சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் வலென்சியாவுக்கு எதிராக, பந்து தரையில் விழுமுன் உதைத்து ஒரு கோல். ரியல் 3க்கு 0 என்று வென்றது. அதோடு கதை சுபம் என்று நினைக்கலாம். இரண்டே மாதத்தில் ரியல் இன்னொரு விங்கரை, லூயிஸ் பீகோவை, உலகிலேயே அதுவரை கொடுக்கப்படாத தொகைக்கு வாங்கியது. மெக்மனமனை விற்றுவிடலாம் என்று கழகம் நினைத்தது. அவர் அசையவில்லை. பயிற்சிக்கு வந்துகொண்டே இருந்தார், மெல்ல மெல்ல அணிக்குள் திரும்பினார். 2002 இறுதிப் போட்டியில் மாற்று வீரராக இறங்கி இன்னொரு பட்டமும் வென்றார். அன்று அவர் யாருக்குப் பதிலாக இறங்கினார் தெரியுமா? அதே பீகோவுக்குப் பதிலாக.

இனி 13 (2)க்கு வருவோம்.

சலா பிறந்தது எகிப்தின் நக்ரிக் என்ற கிராமத்தில். சிறுவனாகக் கெய்ரோவின் அரப் கொன்ராக்டர்ஸ் கழகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, பல பஸ் மாறி ஒரு வழிக்கு மட்டும் நான்கு மணி நேரம் போனார். இங்கிருந்து கண்டிக்குப் போய்ச் சேரும் நேரத்துக்கும் மேல். 2012 பெப்ரவரியில் போர்ட் சைட் மைதானத்தில் பெருங்கலவரம் நடந்து 70க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எகிப்து லீக் நின்றுபோனது. ஆட இடமில்லாத 19 வயது இளைஞரைப் பார்ப்பதற்காக, சுவிஸ் கழகமான பாசல் எகிப்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணியோடு ஒரு நட்புப் போட்டி வைத்தது. இரண்டாம் பாதியில் மட்டும் இறங்கி 2 கோல் அடித்தார் சலா. ஒப்பந்தம் கையில் வந்தது.

2013இல் பாசல், செல்சியைச் சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டு தடவை தோற்கடித்தது. இரண்டிலும் சலாவின் கோல் இருந்தது. தோற்ற கழகம் 2014 ஜனவரியில் அவரையே வாங்கிக்கொண்டது. ஆனால் அங்கே முன்களத்தில் ஏற்கெனவே பெரிய பெயர்கள். சலா பெரும்பாலும் கதிரையில் இருந்தார், பல தடவை மாற்று வீரராகத்தான் இறங்கினார். அட்டவணையில் 13 என்று போட்டிருக்கும். எத்தனை நிமிடம் என்று போட்டிருக்காது. ஐந்து நிமிடம் ஆடினாலும் ஒன்று, தொண்ணூறு நிமிடம் ஆடினாலும் ஒன்று. புதிய ஆள் ஓடும் நேரமும் நடுக்களத்தவர் பந்து கொடுக்கும் நேரமும் ஒத்துவர மாதக்கணக்காகும், ஐந்து நிமிடத்தில் வராது. அந்த 13 (2) அவருடைய திறமையின் அளவல்ல, அவருக்குக் கிடைத்த நேரத்தின் அளவு.

2015 பெப்ரவரியில் லோனில் இத்தாலியின் பியோரென்டினா: 16 (6). பிறகு ரோமா, இரண்டு சீசனில் 65 (29). ரோமாவில் அவர் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் ஆடினார், தன்னை அறிந்தவர்களோடு ஆடினார். 2017இல் லிவர்பூல். முதல் சீசனில் 36 (32). ஒரு விங்கருக்கு அது நம்பவே முடியாத எண். இடது காலன், வலது ஓரம், ரொபனைப்போல உள்ளே வெட்டி வருகிறவர். பின்னாலிருந்து கொடுப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். இப்போது அந்த அட்டவணையை மேலிருந்து கீழே மறுபடி வாசித்துப் பாருங்கள், 13 (2) வேறுமாதிரித் தெரியும்.

"அப்ப நாங்க எப்படிப் போறது?" என்று கேட்டான் மருமகன். எந்தக் கொழும்புப் பையனும் கடைசியில் கேட்பது அதுதான்.

உண்மையைச் சொன்னேன். இங்கிலாந்தில் வேலை அனுமதிக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. தேசிய அணியில் எத்தனை போட்டி, அந்த நாடு உலகத் தரவரிசையில் எங்கே என்றெல்லாம் பார்ப்பார்கள். நாங்கள் 200ஆம் இடத்தைச் சுற்றி நிற்கும் நாடு. 2023இல் ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி வைத்திருந்ததால், நம் வீரர்களுக்கு அந்த மாதங்களில் சர்வதேசப் போட்டியே இல்லை. ஆகவே நேரே இலண்டன் என்பது நடக்காது. பக்கத்துப் படியில் கால் வைக்க வேண்டும். நம்மவர்கள் அப்படித்தான் போயிருக்கிறார்கள். விங்கர் இல்லை, பின்கள வீரர்தான், ஆனாலும் சொல்ல வேண்டிய பெயர் பக்கீர் அலி: 1980களில் டாக்காவின் அபஹானி கழகத்துக்காக ஆடி வங்கதேசத்தில் பெரும் பெயர் எடுத்தவர், பின்னாளில் இலங்கைத் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தவர். இன்றும் நம் தேசிய வீரர்கள் பலருக்கு முதல் வெளிநாடு மாலைதீவுதான். சலாவுக்கும் பாசல் ஒரு படிதான்.

பெற்றோர்களுக்கு ஒன்று. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வெளிநாட்டுக் கழகத்தில் பதிவு செய்ய சர்வதேச விதி பொதுவாக இடம் கொடுப்பதில்லை. குடும்பமே வேறு காரணத்துக்காக அங்கே குடிபெயர்ந்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. "15 வயசுப் பிள்ளைக்கு ஐரோப்பாவில் இடம் எடுத்துத் தாறன், இத்தனை இலட்சம் கட்டுங்கோ" என்று யாராவது வந்தால், கதவைச் சாத்திவிடுங்கள்.

இன்னொன்றைக் கழகம் நடத்துகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு வீரர் தொகைக்கு நாடு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு சீசனுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் 0.5 சதவீதம். கொம்பனித்தெருவிலோ முகத்துவாரத்திலோ உள்ள ஒரு சின்னக் கழகம் ஒரு பையனை 12 முதல் 17 வரை வளர்த்திருக்கிறது என்று வையுங்கள். அவன் என்றைக்காவது ஒரு மில்லியன் யூரோவுக்கு நாடு மாறினால், அந்தக் கழகத்துக்கு 2 சதவீதம், அதாவது 20,000 யூரோ. நம் காசில் 60 இலட்சத்துக்கு மேல். பந்து வாங்கவும் வலை கட்டவும் கைக்காசு போடுகிற கழகத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை! ஆனால் அவன் அந்த வருடங்களில் அங்கே பதிவாகியிருந்தான் என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் காசும் இல்லை.

ஞாயிறு காலை மருமகனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது, அவனுடைய பதிவுப் படிவத்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஒரு பழைய கோவைக்குள் இருந்தது. பிறந்த திகதி சரி. பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒன்று பிறப்புச் சான்றிதழில் உள்ளதுபோல் இல்லை. திங்கட்கிழமை அக்கா சான்றிதழின் பிரதியைக் கொடுத்துத் திருத்திவிட்டு வந்தா.